அட்மின் ரோலைப் பிரித்த வேலை: பலர் பகிரும் சிஸ்டத்தில் யார் எதற்குப் பொறுப்பு?

பராமரிப்புக்காக எங்கள் கைக்கு வந்த அந்த மென்பொருளின் பயனர் டேபிளில் ஒரு ஃபீல்டு இருந்தது. அட்மினா, இல்லையா? ஆம் என்றால் எல்லாம் திறக்கும். ஆவணங்களைச் சுற்றுக்கு விட்டு ஒப்புதல் வாங்குகிற மென்பொருள் அது. முதலில் ஒரே ஒரு நிறுவனத்துக்காக எழுதப்பட்டது. பிறகு இரண்டாவது நிறுவனம் கேட்டது, மூன்றாவது கேட்டது. எல்லா டேபிளிலும் டெனன்ட் எண் (டெனன்ட் என்றால் சிஸ்டத்தைப் பகிரும் ஒரு வாடிக்கையாளர் நிறுவனம்) என்று ஒரு ஃபீல்டைச் சேர்த்து, ஒரே நிறுவலில் எல்லாரையும் கொண்டுவந்துவிட்டார்கள். பல டெனன்ட் சிஸ்டங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அட்மின் ஃபீல்டு மட்டும் ஒற்றை நிறுவனக் காலத்தில் இருந்தபடியே நின்றுவிட்டது.

ஒரே நிறுவனம் இருக்கும்வரை சர்வரைப் பார்த்துக்கொள்பவரும் ஆட்களைச் சேர்ப்பவரும் ஒரே இடத்து ஆட்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்தாலும் பெரிய நஷ்டமில்லை. பல நிறுவனங்கள் பகிரத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. சர்வரை ஓட்டுபவருக்கு எந்த டெனன்ட்டின் ஆவணத்தையும் படிக்கும் தேவை கிடையாது. டெனன்ட்டின் நிர்வாகிக்குச் சர்வரைத் தொடும் தேவை கிடையாது. சிஸ்டத்தை ஓட்டும் அதிகாரம் வேறு, உள்ளே இருப்பதைப் பார்க்கும் அதிகாரம் வேறு. இந்த வேலை முழுக்க நாங்கள் பிடித்துக்கொண்ட நூல் அதுதான்.

முதலில் கணக்கெடுப்பு

புதிய ரோல்களுக்குப் பெயர் வைப்பதில் இறங்காமல், அந்த ஃபீல்டு கோடில் எங்கெல்லாம் சோதிக்கப்படுகிறது என்று தேடி ஒரு விரிதாளில் எழுதினோம். ஒவ்வொரு செயலுக்கும் சில கேள்விகள்: நிஜத்தில் இதைச் செய்வது யார், யாருடைய தரவு தொடப்படுகிறது, தவறாகச் செய்தால் பாதிப்பு யாருக்கு, செய்ததைத் திரும்ப மாற்ற முடியுமா. இதில் மூன்றாவது கேள்விதான் அதிகம் உதவியது. பாதிப்பு யாருக்கோ, முடிவெடுக்கும் உரிமையும் பெரும்பாலும் அவருக்கே போக வேண்டியிருந்தது.

எழுதி முடித்தபோது செயல்கள் தாமாகவே குவியல்களாகப் பிரிந்தன. பேக்அப், பதிப்பு மேம்படுத்தல், புது டெனன்ட் உருவாக்குதல், சேமிப்பக வரம்பு, சிக்கி நிற்கும் வேலைகளைத் தள்ளிவிடுதல் ஆகியவை சிஸ்டத்தை ஓட்டுகிற வேலை. ஆட்களை அழைப்பது, ரோல் கொடுப்பது, ஒற்றை உள்நுழைவை (நிறுவனக் கணக்கிலேயே லாகின் செய்வதை) அமைப்பது, ஆவணம் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஆகியவை டெனன்ட்டின் உள்விவகாரம். பயனருக்குத் தெரிகிற திரையைப் பார்த்து உதவுவது சப்போர்ட் வேலை. கட்டண ரசீதுகள் தனியாக நின்றன. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ரசீது வேண்டும், ஒப்புதலுக்குப் போகும் ஒப்பந்தங்கள் வேண்டாம். பழைய அமைப்பில் ரசீதைப் பார்க்கவே அட்மின் ஆகியிருக்க வேண்டும். அதனால் பல டெனன்ட்களில் கணக்காளர்கள் எல்லா ஆவணங்களையும் திறக்கும் அதிகாரத்தோடு இருந்தார்கள்.

எந்தக் குவியலிலும் அடங்காத செயல்களும் இருந்தன. டெனன்ட்டையே அழிப்பது, உரிமையாளர் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றுவது, மின்னஞ்சல் டொமைனை மாற்றுவது, பேக்அப்பிலிருந்து ஒரு டெனன்ட்டை மட்டும் மீட்பது. இவற்றை எந்த ஒருவரிடமும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது. கணினி விஞ்ஞானிகள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய பாதுகாப்புக் கட்டுரையில் இரண்டு சாவி சேர்ந்தால்தான் திறக்க வேண்டும் என்ற கொள்கையும், வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் மட்டுமே தர வேண்டும் என்ற கொள்கையும் அருகருகே வருகின்றன. இரண்டாவதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பலர் பகிரும் சிஸ்டத்தில் முதலாவதற்கும் அதே அளவு வேலை இருக்கிறது.

கணக்கெடுப்பில் கிடைத்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். பிளாட்ஃபார்மை, அதாவது மொத்த சிஸ்டத்தையும், ஓட்டுபவரைப் பழைய கோடு எப்படி அடையாளம் கண்டது? அட்மின் ஃபீல்டு ஆம், டெனன்ட் எண் காலி. டெனன்ட் எண் இல்லாதவர் எல்லா டெனன்ட்டுக்கும் உரியவர் என்று அர்த்தம். இன்னொரு பக்கம், காற்புள்ளியால் பிரித்த பட்டியலான சிஎஸ்வி கோப்பிலிருந்து பயனர்களைக் கொத்தாக ஏற்றும் வசதி இருந்தது. அந்தக் கோப்பில் டெனன்ட் ஃபீல்டு விடுபட்டிருந்தால் கோடு கேள்வி கேட்காமல் காலியாகவே எழுதிவிடும். அதே வரியில் அட்மின் ஆம் என்றும் இருந்தால், யாரோ ஒரு கிளை மேலாளர் மொத்த சிஸ்டத்துக்கும் அதிபதி ஆகிவிடுவார். சோதனைச் சூழலில் ஏற்றிப் பார்த்தோம், அப்படியே நடந்தது. நிஜ டேட்டாபேஸில் அப்படி யாரும் உருவாகியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த வழியை அடைத்தோம். காலியாக இருப்பது அதிகபட்ச அதிகாரத்தைக் குறிக்கக் கூடாது. அது எதற்கும் அனுமதி இல்லை என்று மட்டுமே பொருள்பட வேண்டும்.

டேபிளை மாற்றியது

ரோல் பயனரோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு தணிக்கையாளர் மூன்று நிறுவனங்களில் வேலை பார்க்கலாம். ஒன்றில் படிக்க மட்டும், இன்னொன்றில் ஒப்புதல் தரவும் அனுமதி இருக்கலாம். எனவே உறுப்பினர் என்று தனி டேபிள்: எந்தப் பயனர், எந்த டெனன்ட், என்ன ரோல், யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது, எப்போது முடிகிறது. டெனன்ட் எண் காலியாக இருக்கவே முடியாதபடி டேட்டாபேஸ் அளவிலேயே தடை போட்டோம்.

பிளாட்ஃபார்ம் ரோல்கள் முற்றிலும் வேறு டேபிளில், வேறு லாகினில். பகலில் சாதாரணப் பயனராக இருப்பவர் ஒரு பட்டனை அழுத்திப் பிளாட்ஃபார்ம் ஆளாக மாறுகிற வழியே கிடையாது. தனிக் கணக்கு, தனி முகவரி, கையில் வைத்திருக்கும் பாதுகாப்புச் சாவியோடுதான் உள்ளே வர முடியும். சிலருக்கு இது தொல்லையாகத் தெரிந்தது. ஆனால் ஒருவரின் அன்றாட மின்னஞ்சல் கணக்கு களவு போனால் அத்தனை டெனன்ட்டும் போகும் என்ற நிலையோடு ஒப்பிட்டால், இரண்டு முறை லாகின் செய்வது சின்ன விலை.

டெனன்ட்டுக்குள் உரிமையாளர், நிர்வாகி, கட்டணப் பொறுப்பாளர், தணிக்கையாளர், சாதாரண உறுப்பினர் என்று வைத்தோம். இதற்கு மேல் வேண்டும் என்பவர்கள் அனுமதிகளைக் கோத்துத் தங்களுக்கான ரோலை உருவாக்கிக்கொள்ளலாம். பிளாட்ஃபார்ம் அனுமதிகள் அந்தப் பட்டியலில் வராது. திரையில் மறைத்தால் போதாது, சர்வரே மறுக்க வேண்டும். வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப்பின் டாப் 10 பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறு 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது, 2021இல் முதலிடத்துக்கு வந்தது. திரையில் பட்டனை மறைத்துவிட்டு ஏபிஐயை (மென்பொருள்கள் சர்வரை நேரடியாக அழைக்கும் வழியை) திறந்தே வைத்திருப்பது அந்த வகைக் கோளாறில் மிகவும் பழகிப்போன ஒன்று.

ரோல் கொடுப்பதற்கு என்ன விதி? பல சர்வர்களில் மென்பொருளை ஓட்ட உதவும் குபர்நெட்டீஸில் ஒரு நல்ல கட்டுப்பாடு உண்டு: தன்னிடம் இல்லாத அனுமதியைக் கொண்ட ரோலை ஒருவர் உருவாக்க முடியாது, அதற்கென்று தனி அனுமதி பெற்றிருந்தால் ஒழிய. அதை அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் முதலில் நினைத்தோம். டெனன்ட்களோடு பேசியபோது சிக்கல் தெரிந்தது. ஆட்களைச் சேர்க்கும் ஐடி நிர்வாகி, மனிதவளப் பிரிவின் ஆவணங்களைப் படிக்கக் கூடாது, ஆனால் படிக்க வேண்டியவர்களுக்கு அனுமதியை அவர்தான் கொடுக்கிறார். ஆகவே கொடுக்கும் உரிமையையும் பயன்படுத்தும் உரிமையையும் பிரித்தோம். இதில் ஒரு ஓட்டை உண்டு: அவர் தனக்கே கொடுத்துக்கொள்ளலாம், அல்லது புதிதாக ஒரு கணக்கைத் திறந்து அதற்குக் கொடுக்கலாம். தனக்குத் தானே கொடுப்பதைத் தடுத்துவிட்டோம். இரண்டாவதை முழுக்கத் தடுக்க முடியாது. உணர்வுபூர்வமான ரோல் யாருக்குக் கொடுக்கப்பட்டாலும் உரிமையாளருக்கு உடனே தகவல் போகும்படி செய்தோம். தடுக்க முடியாததை மறைவாக நடக்க விடாமல் வைப்பதுதான் அங்கே செய்யக்கூடியது.

டேட்டாபேஸுக்குள் சுவர்

டேட்டாபேஸிடம் கேட்கும் எல்லாக் குவெரியிலும் டெனன்ட் எண்ணைச் சரியாகச் சேர்ப்பார்கள் என்று நம்பி இருப்பது எனக்குப் பிடிக்காது. நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸில் 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்து வரிசை அளவிலான பாதுகாப்பு இருக்கிறது. டேபிளில் ஒரு கொள்கையை எழுதிவிட்டால், டெனன்ட் எண் பொருந்தாத வரிசைகள் குவெரிக்குத் தெரியவே தெரியாது. கேட்க எளிது. ஆனால் இயக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாத இடங்கள் உண்டு.

டேபிளின் உரிமையாளருக்கு அந்தக் கொள்கை இயல்பாகவே பொருந்தாது. அப்ளிகேஷன் எந்தக் கணக்கில் டேபிளை உருவாக்கியதோ அதே கணக்கில் குவெரியும் ஓட்டினால், சுவர் இருந்தும் இல்லாததுதான். 'ஃபோர்ஸ்' என்ற சொல்லோடு கட்டாயமாக்க வேண்டும், அல்லது டேபிளை மாற்றும் கணக்கையும் அன்றாடம் ஓடும் கணக்கையும் பிரிக்க வேண்டும். நாங்கள் இரண்டும் செய்தோம். சூப்பர்யூசரும், கொள்கையைத் தாண்டும் சிறப்புரிமை பெற்ற கணக்கும் எப்படியும் தாண்டிவிடும். அவற்றை அப்ளிகேஷன் பக்கமே வர விடக் கூடாது. வியூ (சேமித்து வைத்த குவெரி) என்றால் அதை உருவாக்கியவரின் உரிமையில்தான் ஓடும். 2022இல் வந்த 15ஆம் பதிப்பில்தான் அழைப்பவரின் உரிமையில் ஓட்டும் வசதி வந்தது. பழைய அறிக்கைகள் பலவும் வியூவின் மேல் நின்றதால், இதை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது.

ஒரே மதிப்பு இருமுறை வராமல் காக்கும் தனித்தன்மைத் தடையும், வேறு டேபிளின் வரிசையைச் சுட்டும் வெளி டேபிள் தொடர்பும் இந்தச் சுவரைப் பார்ப்பதில்லை. ஒரு டெனன்ட்டில் ஆவண எண்ணைப் பதியும்போது 'ஏற்கெனவே உள்ளது' என்று பிழை வந்தால், பக்கத்து டெனன்ட்டில் அதே எண் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எனவே அத்தகைய தடைகள் எல்லாவற்றிலும் டெனன்ட் எண்ணைச் சேர்த்தோம்.

அப்புறம் இணைப்புக் குளம்: டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்தே வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. எந்த டெனன்ட்டுக்காக இந்தக் குவெரி ஓடுகிறது என்பதை செஷன் மாறியில் வைக்கிறோம். வெறும் 'செட்' போட்டால், அந்த இணைப்பு குளத்துக்குத் திரும்பி அடுத்தவருக்குப் போகும்போது பழைய டெனன்ட் எண்ணும் கூடவே போகும். 'செட் லோக்கல்' போட்டால் பரிவர்த்தனை முடிந்ததும் போய்விடும். அதிலும் ஒரு நுணுக்கம்: இதுவரை அந்த மாறியைத் தொடாத இணைப்பில், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற குறிப்போடு கேட்டால் 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) வரும். ஒருமுறை செட் லோக்கல் போட்டு முடிந்த இணைப்பில் கேட்டால் வெற்று எழுத்துச்சரம் வரும். வெற்றுச் சரத்தை யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண்ணாக மாற்றப் போனால் பிழை எறியும். ஒரே கோடு சில நேரம் எதுவும் தராமலும் சில நேரம் பிழையோடும் நின்றதற்குக் காரணம் இதுதான். இரண்டுமே தரவைக் கசியவிடுவதில்லை என்றாலும், இரண்டையும் ஒரே தெளிவான பிழையாக மாற்றி எழுதினோம். டெனன்ட் குறிப்பிடாமல் வரும் குவெரி, சத்தம் போட்டே விழ வேண்டும்.

கடைசி உரிமையாளர்

ஒவ்வொரு டெனன்ட்டிலும் செயலில் இருக்கும் உரிமையாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. இருவர் இருக்கும்படி வற்புறுத்துகிறோம். கேட்க ஒற்றை வரி விதி. அமல்படுத்தும்போதுதான் அதன் ஆழம் தெரிகிறது.

இரண்டு உரிமையாளர்கள் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் நீக்கினால்? இருவரின் கோரிக்கையும் 'இன்னொருவர் இருக்கிறாரா' என்று எண்ணிப் பார்க்கும். அந்த நொடியில் இருவருமே இருக்கிறார்கள். இரண்டும் தேறிவிடும், முடிவில் யாரும் இருக்க மாட்டார்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான தனிமை நிலை (ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகளைப் பிரித்து வைக்கும் அளவு) இதைத் தடுக்காது, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு வரிசைகளைத்தான் மாற்றுகின்றன. எண்ணுவதற்கு முன் டெனன்ட்டின் வரிசையை 'ஃபார் அப்டேட்' போட்டுப் பூட்டினோம். இரண்டாவது கோரிக்கை காத்திருந்து, மறுபடி எண்ணி, மறுக்கப்படும். சோதனையில் இரண்டு இணைப்புகளைத் திறந்து நடுவில் நிறுத்தி வைத்து இதை நேராகவே பார்க்கலாம்.

செயலில் இருப்பவர் என்பது யார்? அழைப்பு அனுப்பியும் ஏற்காதவர் கணக்கில் வர மாட்டார். முடக்கப்பட்டவர் வர மாட்டார். ரோலின் காலம் நாளையோடு முடிகிறவர் இன்று வருவார், நாளை வர மாட்டார். எனவே உரிமையாளர் ரோலுக்குக் காலக்கெடு வைக்கவே அனுமதிக்கவில்லை.

இதைவிடக் கடினமான ஒன்று: பெரிய டெனன்ட்கள் தங்கள் பணியாளர் பட்டியலை ஸ்கிம் என்ற பயனர் பட்டியல் பரிமாற்றத் தரநிலை வழியாக எங்களோடு இணைத்திருப்பார்கள். அங்கே ஒருவரை முடக்கினால் இங்கேயும் முடங்கும். அவர்தான் கடைசி உரிமையாளர் என்றால் மறுப்பதா? யோசித்து, மறுக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்டவரை நம் விதி ஒன்றுக்காக உள்ளே வைத்திருப்பது பெரிய ஆபத்து. முடக்குகிறோம். டெனன்ட் 'உரிமையாளர் இல்லை' என்ற நிலைக்குப் போகும். அன்றாட வேலை நடக்கும், ரோல் மாற்றங்களும் ஏற்றுமதியும் நிற்கும்.

அப்படி நின்ற டெனன்ட்டை யாரிடம் ஒப்படைப்பது? 'எங்கள் அட்மின் போய்விட்டார், இனி என்னை அட்மின் ஆக்குங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் வரும். பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் ஒரு டெனன்ட்டைக் களவாட நினைப்பவருக்கும் இதைவிட வசதியான வாசல் கிடையாது. உதவ வேண்டும் என்ற நல்ல மனதோடு சப்போர்ட்டில் இருப்பவர் ஒரு கிளிக்கில் முடித்துவிடுவார். எனவே அந்த கிளிக்கையே எடுத்துவிட்டோம். சப்போர்ட் ரோலால் யாரையும் உரிமையாளர் ஆக்க முடியாது. டெனன்ட் தொடங்கும்போதே மீட்புத் தொடர்புகளாக இருவரைப் பதிந்து வைக்கச் சொல்கிறோம். டொமைன் தங்களுடையதுதான் என்று காட்ட, அதன் டிஎன்எஸ் பதிவில் நாங்கள் தரும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்கிறோம். அது முடிந்தாலும் உடனே மாறாது. ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. அந்த நாட்களில் டெனன்ட்டின் நிர்வாகிகள் எல்லாருக்கும், மீட்புத் தொடர்புகளுக்கும் தகவல் போகும், யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். கடைசியில் பிளாட்ஃபார்ம் பக்கம் இருவர் ஒப்புதல் தர வேண்டும். பொது மின்னஞ்சல் முகவரிகளை வைத்துத் தொடங்கிய சின்ன டெனன்ட்களுக்கு டொமைன் ஆதாரம் உதவாது. அங்கே மீட்புத் தொடர்பு இல்லாமல் டெனன்ட்டைத் திறக்கவே விடுவதில்லை. அவசரத்தில் இருப்பவருக்கு இந்தத் தாமதம் எரிச்சலைத் தரும் என்பது தெரியும். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்வதும் இந்தப் பொறுப்பின் ஒரு பகுதிதான்.

உதவிக்கு உள்ளே வருவது

பழைய சிஸ்டத்தில் 'இந்தப் பயனராக நுழை' என்று ஒரு பட்டன் இருந்தது. சப்போர்ட் ஆள் அழுத்தினால் அந்தப் பயனராகவே மாறிவிடுவார், நடந்ததைப் பதியும் லாகிலும் பயனரின் பெயரே பதியும். ஒரு ஒப்புதலைத் தந்தது பயனரா, உதவிக்கு வந்தவரா என்று பின்னால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்புதல் மென்பொருளுக்கு இதைவிட மோசமான நிலை இருக்க முடியாது.

இப்போது உள்ளே வந்தவருக்கு அனுமதிச்சீட்டாகத் தரும் டோக்கனில் இரண்டு பெயர்கள் இருக்கும்: யார் சார்பாக, உண்மையில் யார். 2020இல் வெளியான இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8693 இதற்கென்றே செயல்படுபவரைக் குறிக்கும் ஒரு பகுதியை வரையறுத்திருக்கிறது, அதையே எடுத்துக்கொண்டோம். லாகில் இரண்டும் பதியும். உள்ளே வர டெனன்ட்டின் நிர்வாகி டிக்கெட் எண்ணோடு கதவைத் திறந்துவிட வேண்டும். படிக்க மட்டும், ஒரு மணி நேரம், தானாகவே மூடிக்கொள்ளும். பயனரின் திரையிலும் மேலே ஒரு பட்டை தெரியும். கடவுச்சொல், இரண்டாம் சரிபார்ப்பு, ஏபிஐ சாவி, ரோல் மாற்றம், ஏற்றுமதி, ஒப்புதல் ஆகியவற்றை அந்த நிலையில் தொடவே முடியாது, நிர்வாகியே சம்மதித்தாலும்.

பிளாட்ஃபார்ம் குழுவில் எதிர்ப்பு வந்தது இந்த இடத்தில்தான். 'நடு இரவில் ஒரு பிரச்சினை என்றால், டெனன்ட்டின் நிர்வாகி எழுந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?' நியாயமான கேள்வி. அவர்கள் உண்மையில் எதைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கூட உட்கார்ந்து பார்த்தோம். வரிசைகளின் எண்ணிக்கை, கோப்பின் அளவு, வேலையின் நிலை, பிழைக் குறியீடு, எந்தப் படியில் நின்றது. உள்ளடக்கம் தேவைப்பட்டது அபூர்வம். உள்ளடக்கம் இல்லாமல் இவற்றை மட்டும் காட்டும் ஒரு திரையைக் கட்டிக்கொடுத்தோம். அதற்குப் பிறகு எதிர்ப்பு பெருமளவு அடங்கிவிட்டது. அதிகாரத்தை எடுக்கும்போது அந்த அதிகாரம் என்ன வேலைக்குப் பயன்பட்டது என்று பார்த்து, அந்த வேலைக்கு வேறு வழி கொடுக்காவிட்டால், ஆட்கள் குறுக்குவழி தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எதுவுமே வேலை செய்யாத நேரத்துக்கென்று இரண்டு அவசரக் கணக்குகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தன் அடையாளச் சேவையில் எல்லா அதிகாரமும் உள்ள குளோபல் அட்மின்கள் ஐந்து பேருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும், அவசரக் கணக்குகள் குறைந்தது இரண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. நாங்களும் அந்த வழியில்தான் போனோம். சாவிகள் இரு வேறு ஆட்களிடம் இருக்கும். அவற்றைப் பயன்படுத்திய கணமே குழு முழுவதற்கும் எச்சரிக்கை போகும். எந்த டெனன்ட்டின் தரவு தொடப்பட்டதோ அந்த டெனன்ட்டுக்கும் போகும். இந்தக் கடைசி அம்சத்தை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது.

ரோலை எடுத்தபிறகும் டோக்கன் உயிரோடு இருப்பது இன்னொரு தொல்லை. தகவலைத் தனக்குள்ளேயே சுமக்கும் ஜேடபிள்யூடி வகை டோக்கனுக்குள் ரோலை எழுதிவிட்டால், அது காலாவதி ஆகும்வரை பழைய அதிகாரம் செல்லும். ரோலை டோக்கனிலிருந்து எடுத்துவிட்டோம். ஒவ்வொரு கோரிக்கையிலும் உறுப்பினர் டேபிளைப் பார்க்கிறோம். வேகத்துக்காகச் சில நொடிகள் நினைவகத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான்.

லாக் யாருடையது

லாகை எழுதுபவரே அழிக்கவும் முடியும் என்றால் அது லாக் அல்ல. அப்ளிகேஷன் கணக்குக்கு லாக் டேபிளில் சேர்க்க மட்டுமே உரிமை, திருத்தவும் நீக்கவும் இல்லை. ஒரு நகல் உடனுக்குடன் வேறு சேமிப்பகத்துக்குப் போகிறது. அங்கே குறித்த காலம்வரை யாராலும் அழிக்க முடியாது. அந்தச் சேமிப்பகத்தின் அட்மின்கள் பிளாட்ஃபார்ம் அட்மின்களாக இருக்க மாட்டார்கள். டெனன்ட்டின் நிர்வாகியும் தணிக்கையாளரும் தங்கள் லாகை முழுக்கப் பார்க்கலாம், எங்கள் ஆட்கள் செய்தவை உட்பட. எங்கள் ஆள் எதைத் தொட்டார் என்பது அவர்களுக்குத் தெரிய வந்தபிறகு, டெனன்ட்கள் எங்களோடு பேசும் தொனியே மாறியது.

மாற்றிப் போட்டது

ஒரே இரவில் மாற்றவில்லை. முதலில் பழைய சோதனை, புதிய சோதனை இரண்டும் ஒன்றாக ஓடின. முடிவு பழையதுடையது, வித்தியாசம் மட்டும் பதிவாகும். புதியது அனுமதித்துப் பழையது மறுத்த ஒவ்வொன்றும் எங்கள் கோடில் பிழை, உடனே திருத்தினோம். பழையது அனுமதித்துப் புதியது மறுத்தவைதான் பேச வேண்டிய விஷயங்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு ஆள், ஒரு பழக்கம் இருந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் அட்மின் கணக்கில் இரவு அறிக்கைகள் ஓடிக்கொண்டிருந்ததும் இப்படித்தான் தெரிந்தது. அதைச் சேவைக் கணக்காக மாற்றினோம். இனி எந்தச் சேவைக் கணக்குக்கும் பொறுப்பேற்கும் ஒரு மனிதரின் பெயரும் முடிவு தேதியும் இல்லாமல் உருவாக்க முடியாது.

பிறகு டெனன்ட் டெனன்டாக மாற்றினோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தோம். பணியிலிருந்து போனவரை நீக்குவது டெனன்ட்டின் பொறுப்பு. பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுவது எங்களுடையது. பேக்அப் எங்களுடையது, ஆனால் மீட்பது இருவருடையது. நேற்றைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு டெனன்ட் கேட்டால் மொத்த டேட்டாபேஸையும் பின்னோக்கி இழுக்க முடியாது, மற்றவர்களின் ஒரு நாள் வேலை போய்விடும். பேக்அப்பைத் தனி டேட்டாபேஸில் விரித்து, அந்த டெனன்ட்டின் வரிசைகளை மட்டும் எடுக்க வேண்டும். எதை மீட்பது, இடையில் செய்த மாற்றங்கள் போனால் பரவாயில்லையா என்ற முடிவை உரிமையாளர் எழுத்தில் தர வேண்டும். அதைச் செய்து தருவது மட்டுமே எங்கள் வேலை. டெனன்ட்டை அழிக்கும்போதும் அப்படித்தான். உரிமையாளர் கேட்ட 30 நாள் கழித்துத்தான் அழிக்கிறோம். பேக்அப்களில் அந்தத் தரவு இன்னும் சில காலம் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

டெஸ்ட்டுகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்வரின் எல்லா ஏபிஐ முகவரிகளையும் தானாகவே பட்டியல் எடுத்து, ஒரு டெனன்ட்டின் டோக்கனோடு இன்னொரு டெனன்ட்டின் ஆவண எண்ணைக் கொடுத்து அழைக்கும். 404 ('அப்படி எதுவும் இல்லை') வர வேண்டும். 403 ('அனுமதி இல்லை') வந்தால் அந்த எண்ணில் ஏதோ இருக்கிறது என்று தெரிவித்துவிட்டதாக அர்த்தம், அதுவும் தோல்விதான். எந்த அனுமதி வேண்டும் என்று குறிப்பிடாத புதிய முகவரி ஒன்றை யாராவது சேர்த்தால் பில்டே ஆகாது. எதிர்காலத்தில் வரும் கோடை இன்றே காவல் காப்பது இந்த ஒரு டெஸ்ட்தான் என்பேன். இந்த வேலையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது, பல டெனன்ட்களை வெளியிலிருந்து நிர்வகித்துத் தரும் ஆலோசனை நிறுவனங்கள். தங்களுக்கு நடுவில் ஒரு அடுக்கு வேண்டும், ஒரே ரோலில் தங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அந்த அடுக்கைக் கட்டவில்லை. ஆலோசகர் ஒவ்வொரு டெனன்ட்டிலும் தனித்தனி உறுப்பினராகவே வருவார். எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் முகப்பை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம். டெனன்ட்டின் உரிமையாளர் நினைத்தால், யாரையும் கேட்காமல் அவரை நீக்கிவிட முடியும்.